‘கூட யாரு வர்றா?’ - குளிர்காலப் பாலைவனத்தில் தனியாக ஒரு வேன் பயணம்... நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதானா?

கடந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 8.30 மணிக்கு எனக்கு வர வேண்டிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வரவில்லை.

‘பத்திரமா இருக்கேன்.’ அவ்வளவுதான் மெசேஜ். ரெண்டே வார்த்தை. அதுக்கு முந்தின அஞ்சு நாளும் சரியா வந்தது. அனுப்புவது என் பெரியம்மா மகள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாக ஐ.டி. வேலை. ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒன்பது நாள், அரிசோனா - கலிஃபோர்னியா பாலைவனத்தில் தனியாகச் சுற்றக் கிளம்பியிருந்தார். வேனிலேயே சமையல், வேனிலேயே தூக்கம், பகலில் மலையேற்றம். கலிஃபோர்னியாவில் இரவு 7 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 8.30. தினமும் அந்த நேரத்தில் மெசேஜ் வர வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

9 மணி ஆச்சு. 10 ஆச்சு. ஒரே ஒரு கிரே டிக்.

அன்றைக்கு டெஸ்க்கில் உட்கார்ந்துகொண்டு நான் என்னென்ன யோசித்தேன், எதை யோசிக்காமல் விட்டேன் என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அக்கா கிளம்புவதற்கு முன்னால் குடும்பத்தில் எல்லாரும், நான் உட்பட, கேட்டது ஒரே கேள்வி. மதுரையிலிருந்து பெரியம்மா போனில் கேட்ட அதே கேள்வி: “கூட யாருடி வர்றா?”

“யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான்.”

“பொம்பளப் புள்ள தனியா பாலைவனத்துல என்னடி பண்ணப் போற?”

இந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டதுதான் எங்கள் தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில், பாலைவனத்துக்கு ஏன் குளிர்காலத்தில் போகிறார்கள்?

பாலைவனம் என்றதும் நம் மண்டைக்குள் வெயில்தான் ஓடும். அமெரிக்காவின் தென்மேற்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகிலேயே அதிகபட்ச வெப்பநிலையாக இன்றும் அதிகாரபூர்வக் கணக்கில் இருக்கிறது. கோடையில் அங்கே காலை 10 மணிக்கு மேல் தாழ்வான இடங்களில் நடக்கவே வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது.

அதே டெத் வேலியில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 19, 20 டிகிரிதான். கொடைக்கானல் மதியம் மாதிரி. நவம்பர் முதல் மார்ச் வரைதான் அந்தப் பக்கம் நடைப்பயணத்துக்கான சீசன். ஜோஷுவா ட்ரீ, அன்ஸா-பொரேகோ, சுவாரோ என்று சுற்றியிருக்கிற பாலைவனப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இது ஏதோ இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்தது இல்லை. டெத் வேலியின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோன் மக்கள் காலங்காலமாகக் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலும், கோடையில் மேலே மலைகளிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பூங்காவுக்குள் இருக்கும் அவர்களுடைய நிலத்தின் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டு ஒரு சட்டத்தின் மூலம் அவர்களிடமே திரும்பியது. ‘மனித வாடையே இல்லாத பாலைவனம்’ என்று யாராவது ரீல்ஸில் கேப்ஷன் போட்டால், அது ஒரு ஊரின் மேல் நின்றுகொண்டு எடுத்த வீடியோவாகவும் இருக்கலாம்.

(நம்ம பக்கத்தில் ஒரு சின்ன விஷயம். தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிற்காலத்தோடு பின்பனியையும் பொழுதாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் சங்கப் பாடல்களில் பாலையைக் கடந்து போவது பெரும்பாலும் அவன். வீட்டில் கவலையோடு காத்திருப்பது அவள். எங்கள் வீட்டில் போனதும் அவள், காத்திருந்ததும் அவள்கள்.)

குவார்ட்சைட் என்றொரு ஊர்

அக்காவின் முதல் நிறுத்தம் குவார்ட்சைட். ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே இன்டர்ஸ்டேட் 10 சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். நிரந்தரமாக வாழ்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். குளிர்காலம் வந்தால் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வருகிறவர்களை அங்கே ‘ஸ்னோபேர்ட்ஸ்’ என்பார்கள். நம்ம வேடந்தாங்கல் கணக்குத்தான், பறவைகளுக்குப் பதில் ஓய்வுபெற்றவர்கள்.

அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் பிரமிடு வடிவில் ஒரு நினைவுச் சின்னம், உச்சியில் ஒரு உலோக ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சாமான் சுமக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. அதற்காக வந்த ஒட்டக ஓட்டிகளில் ஒருவரான ஹாஜி அலியின் சமாதி அது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. திட்டம் ஊத்திக்கொண்டது, மனுஷன் அங்கேயே தங்கிவிட்டார். அக்கா அனுப்பிய முதல் போட்டோ இதுதான்.

சரி, இவ்வளவு பேர் அங்கே எப்படித் தங்குகிறார்கள்? அமெரிக்காவில் பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில். அதில் நிறைய இடங்களில் யாரும் போய், காசு கொடுக்காமல், கூடாரமோ வண்டியோ போட்டுத் தங்கலாம். பொதுவான விதி: ஒரே இடத்தில் 14 நாள், அப்புறம் நகர வேண்டும். நீண்ட நாள் தங்க விரும்புகிறவர்களுக்காக 1983இல் தனி முகாம் பகுதிகளை ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்குவதற்குப் பல ஆண்டுகளாக வாங்கியது 180 டாலர். நம்ம காசுக்குப் பதினைந்து, பதினாறாயிரம் ரூபாய். சென்னையில் வேளச்சேரி பக்கம் ஒரு மாசத்துக்கு ஒற்றை பெட்ரூம் வீடுகூட அந்த விலையில் கஷ்டம்.

இதைப் படித்ததும் ‘நானும் ரிசைன் பண்ணிட்டுப் போயிடவா?’ என்று தோன்றினால், உங்களைப் போலவே எனக்கும் தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள்.

சுதந்திரம் என்பது பெரும்பாலும் லிட்டர் கணக்கு

அக்காவின் மெசேஜ்களைத் திரும்ப எடுத்துப் படித்தால், அதில் சூரிய அஸ்தமனம் இருபது சதவீதம். மீதி எல்லாம் தண்ணி, பேட்டரி, கழிவு.

பாலைவனப் பூங்காக்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குடிக்க மட்டும். குளிர்காலத்தில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெயில் உறைக்காது, வேர்ப்பதே தெரியாது, காற்று அவ்வளவு வறட்சி. தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும். சின்ன கேம்பர் வேன்களில் தண்ணீர்த் தொட்டி சுமார் 75 முதல் 100 லிட்டர். பாத்திரம் கழுவ, முகம் கழுவ, எல்லாத்துக்கும் அதுதான். “ஒரு தட்டு கழுவ எவ்வளவு தண்ணி ஆகும்னு உனக்குத் தெரியுமாடி? எனக்கு இப்பத் தெரியும்” என்று ஒரு வாய்ஸ் நோட். கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும், கழிவறைக் கழிவு இன்னொரு தொட்டியில். ரெண்டும் நிரம்பினால், அதற்கென்று இருக்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நாமே குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். இந்த வேலையை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

அடுத்தது ராத்திரி. பகலில் 20 டிகிரி இருக்கிற இடம் இரவில் 4 டிகிரிக்கு வரும். ஜோஷுவா ட்ரீ மாதிரி உயரமான இடத்தில் உறைநிலைக்கே போகும். காரணம் எளிமை. மேகமும் ஈரப்பதமும் நிலத்துக்குப் போர்வை மாதிரி. பாலைவனத்தில் அந்தப் போர்வை இல்லை. பகலில் வாங்கின சூட்டை நிலம் இரவில் நேராக வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். சென்னையில் மே மாத ராத்திரி புழுங்குவதும், அங்கே ஜனவரி ராத்திரி நடுங்குவதும் ஒரே விஷயத்தின் ரெண்டு பக்கம்.

வண்டியில் ஹீட்டர் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். கேஸில் எரியும், ஆனால் சூடான காற்றைத் தள்ளுகிற ஃபேனுக்குப் பேட்டரி வேண்டும். இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. குளிர்காலத்தில் ராத்திரி கிட்டத்தட்ட 14 மணி நேரம். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற சோலார் தகடோ வண்டிக் கூரையில் படுத்தபடி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அந்த அட்சரேகையில் நடுமதியச் சூரியனே தொடுவானத்திலிருந்து 33, 34 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். படுத்திருக்கிற தகட்டுக்கு நேராக விழும் வெளிச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் தகட்டைச் சாய்த்து வைக்கிறார்கள், வண்டியின் மூக்கை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்று அரைமணி நேரம் யோசிக்கிறார்கள். இன்னொன்று, இப்போது எல்லாரும் சிலாகிக்கிற லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுவிடும். விடிகாலை வெயில் வந்தும் சார்ஜ் ஏறவில்லையே என்று பதறினால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு உள்ளே கேஸ் அடுப்பை எரியவிடுவது, இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டறியும் அலாரம் வேலை செய்கிறதா என்று அக்கா தினமும் பட்டனை அமுக்கிப் பார்ப்பாராம். சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

பிறகு, சீப்பு. ஆமாம், தலை சீவுகிற சீப்பு. சோயா என்கிற கள்ளிச்செடியின் துண்டு லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் எடுத்தால் கையில் ஒட்டும். சீப்பைக் கொடுத்துத் தட்டிவிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். இதற்கும் கட்டுரையின் வாதத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

ஆறாவது நாள். சான் டியாகோவிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கும் அன்ஸா-பொரேகோ. கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா, ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல். உள்ளே நிறைய மண் பாதைகள். பக்கத்தில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர். இரவு வானத்தின் இருட்டைக் காப்பாற்றுவதற்காகத் தெருவிளக்குகளைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிற ஊர் அது. நட்சத்திரம் பார்க்க அருமையான இடம். வண்டி மாட்டிக்கொண்டால் அதே இருட்டு வேறு மாதிரி தெரியும்.

மாலை 4 மணிக்கு நடைப்பயணம் முடித்துத் திரும்பிய அக்கா, ராத்திரி தங்குவதற்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம் என்று ஒரு மணல் ஓடைக்குள் வேனை விட்டிருக்கிறார். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற, மற்ற நாளில் பாதை மாதிரியே தெரிகிற இடம். மேப் அதைப் பாதை என்றுதான் காட்டியது. பின்சக்கரம் இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது. 5 மணிக்குச் சூரியன் போனது. போனில் சிக்னல் இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டெத் வேலி ரேஞ்சர்கள் ‘ஜி.பி.எஸ். மரணம்’ என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். 2009 ஆகஸ்டில் கைபேசி அளவு கருவி காட்டிய பாதையை நம்பிப் போன ஒரு தாயின் கார் மணலில் புதைந்து, நாள்கணக்கில் உதவி கிடைக்காமல், அவர் குழந்தை உயிரிழந்த சம்பவம் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. அது கோடை, இது குளிர்காலம். அக்காவிடம் தண்ணீர் இருந்தது, கம்பளி இருந்தது, வேன் என்கிற வீடே இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினை.

எங்கள் ஒப்பந்தத்தில் ரெண்டு வரி இருந்தது. ஒன்று, தினமும் மெசேஜ். ரெண்டு, மெசேஜ் வரவில்லை என்றால் அங்கே மறுநாள் காலை 9 மணி வரை காத்திரு, அதுக்கு மேல் ஆபத்து என்று எடுத்துக்கொள். அதாவது நம்ம நேரத்துக்கு ராத்திரி 10.30. நல்ல ஒப்பந்தம்தான். அன்று 10 மணி வாக்கில்தான் எனக்கு உறைத்தது: ஆபத்து என்று எடுத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன்? யாருக்கு போன் பண்ணுவேன்?

911 என்பீர்கள். சென்னையிலிருந்து 911 அடித்தால் கலிஃபோர்னியாவில் மணி அடிக்காது. அந்த எண் அமெரிக்காவுக்குள் இருந்து கூப்பிடுகிறவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து கூப்பிட அந்தந்த கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தின் பத்து இலக்க எண் வேண்டும். அது எந்த கவுன்டி என்று தெரிய, ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அக்கா எனக்குச் சொல்லியிருந்தது ‘அன்ஸா-பொரேகோ’. ஆறு லட்சம் ஏக்கர். வேனின் நம்பர் பிளேட் என்ன? தெரியாது. என்ன கலர்? முதல் நாள் போட்டோவில் வெள்ளை மாதிரி இருந்தது. எந்த நடைபாதைக்குப் போனார்? தெரியாது.

இதற்கு நடுவில் பெரியம்மா போன். “அக்கா பேசினாளாடி?” “பேசினா பெரியம்மா, டவர் கிடைக்கல போல, மெசேஜ் மட்டும் போட்டிருக்கா.” பொய். அந்த அரை நாளில் நான் ஒரு கூகுள் ஷீட் முழுக்க எண்களை நிரப்பினேன், ஒரு கட்டுரையைத் தலைப்பு இல்லாமல் பப்ளிஷ் செய்து எடிட்டரிடம் திட்டு வாங்கினேன்.

மதியம் 1.10க்கு ரெண்டு ப்ளூ டிக். ‘பத்திரமா இருக்கேன். பெரிய கதை. தூங்கிட்டுச் சொல்றேன்.’

கதை இதுதான். இருட்டியதும் அக்கா ஹெட்லைட்டை விட்டு விட்டு எரியவிட்டிருக்கிறார். அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வண்டியில் தங்கியிருந்த, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா டார்ச்சோடு நடந்து வந்திருக்கிறார். அவரும் தனியாக வந்தவர். வந்ததும் செய்த முதல் வேலை, டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டது. காற்று குறைந்தால் டயர் மணலில் அகலமாகப் படியும், பிடிப்பு கிடைக்கும். அப்புறம் மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பலகை. நாலு மணி நேரம். வெளியே வந்ததும் தன் சின்ன கம்ப்ரஸரால் திரும்பக் காற்று அடித்துக் கொடுத்து, சிக்னல் கிடைக்கிற வரை அக்காவுக்கு முன்னால் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இழுவை வண்டி வந்திருந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டியிருக்கும், அதுவும் மறுநாள்தான். வாடகை ஒப்பந்தத்தில் மண் பாதையில் ஓட்டக் கூடாது என்று இருந்ததால் இன்ஷூரன்ஸும் கிடைத்திருக்காது. தப்பு முழுக்க அக்கா பேரில்தான், அவரே ஒப்புக்கொள்கிறார்.

‘தனியா’ என்றால் யாருமே இல்லை என்று அர்த்தமா?

என் கருத்து இங்கேதான் வருகிறது. தனியாகப் போவது ஆபத்து என்பதை நான் ஏற்கவில்லை. தனியாகப் போவதைப் பற்றி யாரிடமும் சரியாகச் சொல்லாமல் போவதுதான் ஆபத்து.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ படம் ஞாபகம் இருக்கா? இசைக்காகவும் பாடலுக்காகவும் அவருக்கு ரெண்டு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்த படம். அதன் நிஜ நாயகன் ஆரன் ரால்ஸ்டன் 2003 ஏப்ரலில் யூட்டா பாலைவனத்தின் ப்ளூஜான் பள்ளத்தாக்கில் பாறையில் கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் கையைத் தானே வெட்டிக்கொண்டு வந்தவர். எல்லாரும் அந்த வெட்டைத்தான் பேசுகிறோம். அவர் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அந்தக் கதையின் முக்கியமான வரி. அவர் மிகத் திறமையான மலையேறி. கூட ஆள் இல்லாதது அவரைச் சிக்க வைக்கவில்லை. ஆனால் தேடி வர ஒருவருக்கும் முகவரி தெரியாததுதான் அவரை அங்கே ஐந்து நாள் வைத்திருந்தது.

பாலைவனத்தில் நிஜமாகத் தனியாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால், அவர்களைச் சுற்றி மனிதர்கள் நிறைய. ‘லோனர்ஸ் ஆன் வீல்ஸ்’ என்று தனியாளாக ஆர்.வி.யில் சுற்றுகிறவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. தனிமை விரும்பிகள் சங்கம்! குவார்ட்சைட் பக்கம் 2010இல் பாப் வெல்ஸ் என்பவர் ஆரம்பித்த சந்திப்பு, வண்டியில் வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சோலார் மாட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிற இடமாக வளர்ந்தது. பெண்களுக்கென்று தனிச் சந்திப்பும் நடக்கிறது. அந்த எழுபது வயது அம்மா காற்றைப் பிடுங்கக் கற்றதும் இப்படி யாரிடமோதான் இருக்கும்.

‘பெண் தனியாகப் போகலாமா?’ என்று கேட்கிறவர்களுக்கு ஆளைப் பற்றித்தான் பயம். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இடம் சரியாகப் படவில்லை என்றால் கேள்வி கேட்காமல் கிளம்ப, வண்டியை எப்போதும் வெளியே பார்த்தபடி நிறுத்துகிற பழக்கம் அக்காவுக்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது நாளில் அவரை மாட்டிவிட்டது மணல். காப்பாற்றியது ஒரு அந்நியர். நாங்கள் வீட்டில் அவருக்குக் கொடுத்த அறிவுரைகளில் அந்நியர்களைப் பற்றி இருபது இருந்தது, மணலைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

எல்லாருக்கும் இது டூர் இல்லை

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நானும் ரீல்ஸ் போட்ட மாதிரிதான். அக்கா ஒன்பது நாளில் வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்தார். குவார்ட்சைட்டில் அவருக்குப் பக்கத்து வண்டிக்காரர்கள் சிலருக்கு அந்த வண்டிதான் வீடு.

2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீடும் சேமிப்பும் போய், வேனில் குடியேறி, சீசனுக்கு ஒரு வேலை என்று ஓடுகிற வயதானவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ என்று புத்தகம் எழுதினார். அதைத்தான் க்ளோயி ஜாவ் படமாக எடுத்து 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினார். பண்டிகைக் கால நெரிசலுக்கு ஆர்.வி.வாசிகளைக் கிடங்கு வேலைக்கு எடுப்பதற்கென்றே அமேசான் ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்ற திட்டம் வைத்திருந்தது. ஏழு மாதத்துக்கு 180 டாலர் என்பது நமக்கு ‘அட, சீப்பா இருக்கே!’ சிலருக்கு அது, தெருவுக்கு வராமல் இருப்பதற்கான கடைசி வாடகை. ஒரே முகாம், ஒரே நட்சத்திரம். ஒருவர் விடுமுறையில் இருக்கிறார், இன்னொருவர் பல் வலிக்கு டாக்டரிடம் போகக் காசு சேர்க்கிறார். இந்த ரெண்டையும் ‘வேன் லைஃப்’ என்ற ஒரே ஹேஷ்டேக்கில் போடுவது எனக்கு உறுத்துகிறது.

இந்த இலவசமும் தானாக நடக்கிற ஒன்றில்லை. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அமெரிக்க அரசு முடங்கியபோது ஜோஷுவா ட்ரீ பூங்காவை ஊழியர்கள் பெரும்பாலும் இல்லாமலே திறந்துவைத்தார்கள். கழிப்பறைகள் நிரம்பின, போகக் கூடாத இடத்தில் வண்டி ஓட்டினார்கள், ஜோஷுவா மரங்களே வெட்டப்பட்டன. மிக மெதுவாக வளர்கிற மரம் அது. உள்ளூர்க்காரர்கள் டாய்லெட் பேப்பரும் துடைப்பமுமாக வந்து சுத்தம் செய்தார்கள். அப்புறம் 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் விற்க வழிசெய்யும் திட்டத்தை யூட்டா செனட்டர் மைக் லீ கொண்டுவந்தார். வேட்டைக்காரர்களும் சூழலியலாளர்களும், வழக்கமாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறவர்கள், ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். அவருடைய சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அதை விலக்கிக்கொண்டார். தனியாகப் போகிறவருக்கு வேன் இருந்தால் போதாது, போய் நிற்கப் பொது இடம் ஒன்று வேண்டும்.

சரி, நீங்கள் போவதாக இருந்தால்?

போங்கள். குளிர்காலத்தில் போங்கள். ஆனால் வீட்டில் ஒருவரிடம் ஒரு பேப்பர் கொடுத்துவிட்டுப் போங்கள். என் அனுபவத்தில் அதில் இருக்க வேண்டியது: வண்டியின் கலர், நம்பர், ஒரு போட்டோ. ஒவ்வொரு ராத்திரியும் தங்குகிற இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி, மாற்று இடம் உட்பட. அன்றன்றைக்கு நடக்கப்போகிற பாதையின் பெயர், திரும்புகிற நேரம். எத்தனை மணிக்கு மேல் கவலைப்பட வேண்டும், கவலைப்பட்டால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், அதுவும் நாட்டுக்கு வெளியிலிருந்து கூப்பிடும்படியாக. சாட்டிலைட் மூலம் மெசேஜ் அனுப்புகிற சின்னக் கருவிகள் வாடகைக்கே கிடைக்கின்றன. ஐபோன் 14 முதல் போன்களிலேயே சாட்டிலைட் அவசர அழைப்பு வசதி இருக்கிறது. அக்காவின் போன் பழையது. இப்போது மாற்றிவிட்டார்.

திரும்புகிற நேரம் என்பதைக் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும், பள்ளத்தாக்குக்குள் இன்னும் சீக்கிரம். மழை மேகம் தூரத்து மலையில் தெரிந்தாலும் குறுகலான பள்ளத்தாக்குகளுக்குள் போக வேண்டாம். வெள்ளம் மழை பெய்த இடத்தில்தான் வரும் என்றில்லை. பாலைவனம்தானே, தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று நினைத்தால், 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் மழையால் டெத் வேலி பூங்காவே சுமார் இரண்டு மாதம் மூடிக்கிடந்ததையும், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிற அந்த உப்புத் தரை ஏரியாகி, 2024 பிப்ரவரியில் மக்கள் அதில் கயாக் ஓட்டியதையும் யூடியூபில் தேடிப் பாருங்கள். அதே பூங்காவின் 11,049 அடி உயர டெலஸ்கோப் சிகரத்துக்குக் குளிர்காலத்தில் ஏற ஐஸ் கோடரியும் காலில் மாட்டும் முள் பட்டையும் எடுத்துவரச் சொல்கிறார்கள். ஒரே பூங்கா.

வருகிற ஜனவரியில் அக்கா மறுபடியும் கிளம்புகிறார். இந்த முறை டெத் வேலி, பன்னிரண்டு நாள், அதே மாதிரி தனியாக. வாடகை வேனோடு மண்வெட்டி, பலகை, கம்ப்ரஸர் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு பக்க பி.டி.எஃப். வந்தது. அன்றைக்கு நான் சொன்ன பொய்யும் அதற்குள் வெளியாகிவிட்டதால், பெரியம்மா என்னை நம்பவில்லை, பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லிவிட்டார்.

நேற்று போன் பண்ணினார். “இதுல ஷெரிஃப்பு நம்பர்னு ஒண்ணு போட்டிருக்காளே, முன்னாடி பிளஸ் ஒண்ணு போட்டுத்தானே அடிக்கணும்?”

“ஆமா பெரியம்மா.”

“அவுகளுக்குத் தமிழ் தெரியாதுல்ல?”

“தெரியாது பெரியம்மா.”

“அப்ப நான் என்ன பேசணும்னு நீ எழுதி அனுப்புடி. தமிழ் எழுத்துல அனுப்பு, அப்படியே வாசிச்சிடுறேன்.”

அனுப்பியிருக்கிறேன். நாலு வரி. தினமும் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பழகுகிறாராம்.